கற்கண்டாகச் சிதறும் கண்ணாடி

தேங்காய் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், குடியிருப்புத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் காரையே பார்த்தபடி நின்றார். பின்கதவுக்கும் பின்னால், காரின் உடம்போடு சேர்த்து ஒட்டிய சிறிய முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கும். ஏறாது, இறங்காது. பட்டறைகளில் அதைக் குவார்ட்டர் கிளாஸ் என்பார்கள். அது முழுவதும் வெள்ளையாக மாறியிருந்தது.

வந்து பட்டது சுண்டைக்காய் அளவுக் கல்தான். அந்த இயந்திரத்தில் கத்திக்குப் பதிலாக நைலான் இழை சுழல்கிறது. 20 செ.மீ. நீள இழை நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால் அதன் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 125 மீட்டர் வேகத்தில் போகும். அதில் ஒரு பங்கு கல்லுக்குக் கிடைத்தாலே போதும். வெட்டியவரைக் கோபிக்கவும் முடியவில்லை. அங்கே காரை நிறுத்த வேண்டாம் என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

கண்ணாடி உடனே விழவில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகளாகிவிட்ட பிறகும், ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்தபடி சட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. கிட்டே போய்க் காது கொடுத்தேன். உள்ளிருந்து சன்னமாக ஒரு வெடிப்புச் சத்தம், கடுகு தாளித்து அடுப்பை அணைத்த பிறகு கேட்குமே, அப்படி. ஒரு விரலால் தொட்டேன். மொத்தமும் சரிந்து இருக்கையில் கொட்டியது. கையில் அள்ளினால் கற்கண்டு.

வீட்டுச் சன்னல் கண்ணாடி உடைந்தால் ஈட்டி ஈட்டியாக விழும். இது ஏன் கற்கண்டாகிறது? இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே: மணல், சோடா, சுண்ணாம்பு. வேறுபாடு, செய்த பிறகு அதைக் குளிர்வித்த விதத்தில் இருக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகவே அடிப்பார்கள். வரட்டி அடுக்கி நெருப்பு மூட்டிப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரத்தை எல்லாப் பக்கமிருந்தும் இறுக்கிவிடும். ஆணியோ பசையோ தேவையில்லை. ஒரு பொருள் இன்னொன்றை நிரந்தரமாக அழுத்திக்கொண்டே இருக்கும்.

கார்க் கண்ணாடியில் இந்த வேலை ஒரே பலகைக்குள் நடக்கிறது. வடிவத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, 620 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வளைத்து, இரு பக்கமும் வரிசையாக இருக்கும் குழாய்களிலிருந்து காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். மேல்தோல் சில விநாடிகளில் இறுகிவிடும். நடுப்பகுதி இன்னும் சூடாக, இளகிய நிலையில் இருக்கும். பிறகு அது நிதானமாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன மேல்தோல் விட்டுக்கொடுக்காது. வண்டிச் சக்கரத்தில் வெளியிலிருக்கும் பட்டை உள்ளே அழுத்துகிறது. இங்கே உள்ளிருக்கும் கண்ணாடி வெளித்தோலைத் தன் பக்கம் இழுத்து இறுக்குகிறது. பொருளுக்குள் இப்படித் தேங்கி நிற்கும் விசையைத் தகைவு என்பார்கள். முடிவில் மேற்பரப்பு முழுவதும் அமுக்கத் தகைவில் இருக்கும், நடுப்பகுதி அதில் ஏறத்தாழப் பாதி அளவு இழுவிசைத் தகைவில் இருக்கும். மேற்பரப்பின் இறுக்கம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 700 முதல் 1,000 கிலோ எடை வைத்து நெருக்குவதற்குச் சமம். இதைத்தான் டஃபன்டு கண்ணாடி என்கிறோம்.

கண்ணாடி எப்போதும் இழுக்கப்படும் இடத்தில்தான் உடைகிறது. மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று வாய் பிளந்து, அங்கிருந்து விரிசல் ஓடும். டஃபன்டு கண்ணாடியில் அந்தக் கீறல்களின் வாயை இறுக்கம் மூடி வைத்திருக்கிறது. அதைப் பிளக்க வேண்டுமானால் முதலில் இந்த இறுக்கத்தை வெல்ல வேண்டும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலு. அமுக்கத்தில் இருக்கும் தோலின் தடிமன், ஒவ்வொரு பக்கத்திலும் மொத்தத் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. 3.5 மி.மீ. கண்ணாடியில் அது 0.7 மி.மீ. அந்த ஆழத்துக்குள் நிற்கும் கீறலால் பெரிய ஆபத்தில்லை. ஒரு கூரிய முனை அதையும் தாண்டி நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அங்கே இழுத்துப் பிடித்த வில்லாகக் காத்திருக்கும் ஆற்றல் முழுவதும் ஒரே நேரத்தில் அவிழும். விரிசல் விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும், ஓடும்போதே கிளை விடும், கிளையும் கிளை விடும். 40 செ.மீ. அகலமுள்ள பெரிய கண்ணாடியையே கடக்க அதற்கு ஒரு விநாடியின் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நான் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. பிறகு கேட்ட கடுகுச் சத்தம், துண்டுகளுக்குள் மிச்சமிருந்த தகைவு ஒவ்வொன்றாக விடுபட்ட சத்தம்.

இந்த வித்தையை மனிதர்கள் கார் வருவதற்கு வெகுகாலம் முன்பே பார்த்து வியந்திருக்கிறார்கள். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் தலைப்பிரட்டை போல, உருண்ட தலையும் மெல்லிய வாலுமாக உறையும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் முழுவதும் பொடியாகிவிடும். இங்கிலாந்து மன்னரின் உறவினரான ரூபர்ட் இளவரசர் இவற்றை அந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1661ஆம் ஆண்டு இரண்டாம் சார்லஸ் மன்னர் லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் அறிஞர்களிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். வால் உடைந்ததும் விரிசல் தலையை நோக்கி எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்பதை 1994இல் சீனிவாசன் சந்திரசேகர், முனாவர் சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்தார்கள். விநாடிக்கு 1,450 முதல் 1,900 மீட்டர். என் காரின் முக்கோணக் கண்ணாடியும் ஒருவகையில் தட்டையாக்கிய தலைப்பிரட்டைதான்.

துண்டு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஐ.நா.வின் ஐரோப்பிய பொருளாதார ஆணைய வாகன விதி 43இன்படி, உடைத்துப் பார்க்கும்போது எந்த 5 செ.மீ. சதுரத்தை எண்ணினாலும் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் காற்றடி போதவில்லை, உள்ளே தேங்கிய ஆற்றல் குறைவு, துண்டுகள் நீளமாகிக் குத்தும் என்று பொருள். நம் நாட்டில் இத்தகைய கண்ணாடிக்கான தரம் ஐ.எஸ். 2553. கண்ணாடியின் மூலையில் பொறித்த முத்திரையில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

உடைக்காமலேயே இந்தத் தகைவைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது, செலவில்லை. போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையிலோ மாலையிலோ நிறுத்தியிருக்கும் கார்களின் பக்கவாட்டு, பின்புறக் கண்ணாடிகளைப் பாருங்கள். சிறுத்தைப் புள்ளிகள் மாதிரி சாம்பல் நிறப் பொட்டுகள் வரிசை வரிசையாகத் தெரியும். தொழிற்சாலையில் காற்றுக் குழாய்கள் நேராக ஊதிய இடங்களும் இடைவெளிகளும்தான் அவை. குளிர்ந்த வேகம் இடத்துக்கு இடம் மாறியதால் தகைவும் மாறுகிறது, அதன் வழியே போகும் ஒளியின் தளவிளைவும், அதாவது ஒளி அலை அதிரும் திசையும், மாறுகிறது. நான் இதைக் காட்டாத நண்பர்களே இல்லை. இரண்டாம் முறை காட்டும்போது நழுவிவிடுகிறார்கள்.

இந்தத் தகைவு உள்ளே இருப்பதால்தான் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் எனக்கு உதவி கிடைக்கவில்லை. அட்டையில் முக்கோணத்தை வரைந்து கொண்டுபோய், “இந்த அளவுக்கு ஒன்று வெட்டிக் கொடுங்கள்” என்றேன். கடைக்காரர் சிரித்தார். “சார், டஃபன் செய்த பிறகு வைரம் வைத்தாலே போய்விடும். வெட்டி, துளை போட்டு, பிறகுதான் சூளைக்கு அனுப்ப வேண்டும்.” சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தித் தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் கடைகளும் உண்டு, ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்தில் அது கழுத்துக்கு நேராக வரும் ஈட்டி. சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் தேடலாம் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். கதவில் ஏறி இறங்கும் கண்ணாடிக்கு அது நல்ல யோசனைதான். ஒட்டிய கண்ணாடியைப் பசையிலிருந்து அறுத்தெடுக்கும்போது விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், டஃபன்டு கண்ணாடியின் பலவீனமே விளிம்புதான். வெயிலில் நிறுத்திய கார்க் கண்ணாடி தானாக வெடித்தது என்று சொல்வார்களே, அங்கேயும் பெரும்பாலும் விளிம்பில் எப்போதோ சில்லு பெயர்ந்த இடம் ஒன்று இருக்கும். வெயில் மட்டும் அதைச் செய்யாது. ஒரே பலகையில் 200 டிகிரி வேறுபாடு வந்தால்கூடத் தாங்கும் கண்ணாடி இது.

புதுக் கண்ணாடி வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பொத்தலை மூட வேண்டும். முதல் நாள் வெளிப்பக்கம் மட்டும் பாலித்தீன் தாளை ஒட்டினேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அது பலூனாக வெளியே உப்பி, எழுபதில் பிய்ந்துகொண்டு போனது. காற்று உள்ளே தள்ளும் என்று எதிர்பார்த்தது என் தவறு. காரின் பக்கவாட்டில் காற்று வேகம் கூடி ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று தாளை வெளியே தள்ளுகிறது. இரண்டாவது முறை உட்பக்கம் ஒரு தாள், வெளிப்பக்கம் ஒரு தாள் என்று ஒட்டினேன், நின்றது. டேப்பும் முக்கியம். பார்சல் டேப் வெயிலில் உருகிப் பெயின்ட்டில் பிசினை விட்டுவிடும். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை அடியில் ஒட்டி, அதன் மேல் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அதற்கு முன் துண்டுகளை எடுக்க வேண்டும். துணியால் துடைக்காதீர்கள், தூள் துணியில் ஏறிப் பெயின்ட்டையும் கையையும் கீறும். கற்கண்டு என்றாலும் முனை முனைதான், தோல் கையுறை வேண்டும். தூசி உறிஞ்சியால் இருக்கை இடுக்கு, உட்பக்க பிளாஸ்டிக் பலகையின் பின்புறம், ஸ்டெப்னிக் குழி என்று எல்லா இடமும் போக வேண்டும். பலரும் மறப்பது சீட் பெல்ட்டை. முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பட்டைக்குள் சிக்கிய ஒரு துண்டு ஒவ்வொரு முறை சுருளும்போதும் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ஏறி இறங்கும் பெரிய கண்ணாடியை ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடும் மெக்கானிக், இந்த உள்ளங்கை அகலக் கண்ணாடிக்கு ஒரு நாள் காரை விடச் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. கூடவே நின்று பார்த்தேன். பெரிய கண்ணாடி இரண்டு போல்ட்டில் நிற்கிறது. சிறிய கண்ணாடி யூரித்தேன் பசையில் நிற்கிறது, வேலை முழுவதும் அந்தப் பசைக்குத்தான். பழைய பசையை இரும்புத் தகடு வரை சுரண்டாமல், ஓரிரு மில்லிமீட்டர் விட்டுச் சீவினார். புதுப் பசைக்குப் பழைய பசையைவிட நல்ல தளம் கிடையாது. கத்தி பட்டுப் பெயின்ட் போன இரண்டு இடங்களில் பிரைமர் தொட்டு வைத்தார், இல்லையென்றால் துரு உள்ளிருந்தே கிளம்பும். புதுக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று ஓடும். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அது கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் மை. சூரியனின் புற ஊதாக் கதிர் பசையைத் தின்றுவிடாமல் காக்கும் திரை. அந்தப் பட்டை மேல் அவர் தடவிய திரவத்தில் சிலேன் என்ற மூலக்கூறு இருக்கிறது. ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் பசையையும் பிடித்துக்கொள்வது அதன் வேலை.

யூரித்தேன் காய்வதில்லை, குடிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஐசோசயனேட் தொகுதிகள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, நீண்ட சங்கிலிகளாகப் பின்னிக்கொண்டு ரப்பராகின்றன. ஈரம் வெளியிலிருந்து உள்ளே புக வேண்டியிருப்பதால், சாதாரண நிலையில் 24 மணி நேரத்துக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம் வரைதான் இறுகும். சென்னையில் நாம் திட்டித் தீர்க்கும் அந்தப் புழுக்கம் இங்கே உதவிக்கு வருகிறது. வறண்ட குளிர்காற்றில் இதே வேலை மெதுவாகும். பசை இறுகும்வரை ஒரு சன்னலைச் சற்றே இறக்கி வைத்திருக்கச் சொன்னார் மெக்கானிக். எல்லாம் மூடிய காரில் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்று ஒரு கணம் அமுங்கி, இறுகாத கண்ணாடியை வெளியே தள்ளிவிடும். இவ்வளவுக்கும் பதிலாகக் கடையில் கிடைக்கும் சிலிகான் குழாயை வாங்கி நாமே ஒட்டலாம் என்று தோன்றும். புளித்த வாடை வரும் வகையில் அசிட்டிக் அமிலம் வெளியேறித் தகட்டை அரிக்கும். சிலிகான் பட்ட இடத்தில் பிறகு யூரித்தேனும் ஒட்டாது.

காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் பாதியைக் கழித்துவிடுவார்கள். ஆனால் 1,500 சிசி வரையுள்ள காருக்கு முதல் ஆயிரம் ரூபாய் நம்முடையது, கோரிக்கை வைத்தால், இதுவரை வைக்காததற்காக 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த பிரீமியக் கழிவும் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நான் கையிலிருந்தே கொடுத்தேன்.

வேலை நடந்தபோது மெக்கானிக் தன் அவசரகாலச் சுத்தியலைக் காட்டினார். வண்டி நீரில் மூழ்கினால் கண்ணாடியை உடைத்து வெளியேற வைத்திருப்பது. எடை ஒன்றுமில்லை, முனை மட்டும் டங்ஸ்டன் கார்பைடு. அந்த 0.7 மி.மீ. தோலைத் துளைப்பதுதான் அதன் ஒரே வேலை, அடிக்க வேண்டிய இடம் மூலை. ஆனால் புதிய கார்கள் சிலவற்றில் பக்கவாட்டிலும் முன்கண்ணாடி மாதிரி லேமினேட்டட் கண்ணாடி வருகிறது. இரண்டு பலகைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். சத்தத்தைக் குறைக்கும், திருடனைத் தாமதப்படுத்தும், உடைந்தாலும் விழாது, ஆகவே சுத்தியலுக்கும் வழிவிடாது. அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தபோது நான்கு டஃபன்டு கண்ணாடியை உடைத்தன, லேமினேட்டட் கண்ணாடியில் ஒன்றுகூட வழி உண்டாக்கவில்லை. உங்கள் காரில் எந்தக் கண்ணாடி எந்த வகை என்பதை மூலை முத்திரையில் படித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

புதுக் கண்ணாடி நன்றாகவே இருக்கிறது, மழை பெய்தும் ஒழுகவில்லை. மூன்று மாதம் கழித்து டயர் பஞ்சராகி ஸ்டெப்னியை எடுத்தேன். குழியின் அடியில் இன்னும் பதினொரு கற்கண்டுகள் கிடந்தன.