எலுமிச்சம்பழமும் ஆல்ப் டுவெஸும்

"மிசியே, சமவெளியில எல்லாரும் ஒட்டிக்கிட்டே போறாங்க. மலை வந்ததும் ஏன் ஒவ்வொருத்தரா உதிர்ந்துடறாங்க?"

ரீயூனியன் தீவின் சேந்த் ஆந்த்ரே ஊரில் சனிக்கிழமைதோறும் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில் ஒரு பையன், பாதி இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், சைக்கிள் பந்தயத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி. வினையெச்சம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜூலை மாத ரீயூனியனில் வினையெச்சத்தை யார் சீண்டுவார்கள்? பிரான்ஸின் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் அன்றைய ஓட்டத்தை முடிக்கும்போது இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். கையில் தட்டோடு பார்த்துவிட்டு வருகிறார்கள்.

மிதிப்பவரைத் தடுப்பவை மூன்று: டயர் உராய்வு, புவியீர்ப்பு, காற்று. டயர் சில்லறைக் கணக்கு, விடுங்கள். எனக்குப் பிடித்தது காற்றுதான்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு நொடியில் இரண்டு மடங்கு காற்று வந்து மோதும். மோதுகிற காற்றும் இரண்டு மடங்கு வேகத்தில் மோதும். ஆக எதிர்விசை நான்கு மடங்கு. அந்த விசையைத் தள்ளிக்கொண்டு அதே நொடிக்குள் இரண்டு மடங்கு தூரம் போயாக வேண்டும். காலுக்கு எட்டு மடங்கு வேலை! வட்டிக்கு வட்டி போடுகிற சேட்டு மாதிரி. புவியீர்ப்பு அப்படியல்ல, நேர்மையாகக் கடன் கொடுக்கிறவர். ஏறும் வேகம் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும், அவ்வளவுதான்.

ஆளும் வண்டியுமாக 78 கிலோ என்று வைப்போம். சமவெளியில் மணிக்கு 45 கி.மீ. போனால் காற்றுக்கே ஏறத்தாழ 380 வாட் அழ வேண்டும் (வாட் என்பது ஒரு நொடியில் கால் செய்யும் வேலையின் அளவு). முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினால் அதில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். அதனால்தான் அந்த ஒட்டல்.

டூர் பந்தயத்தின் பேர்பெற்ற ஆல்ப்ஸ் மலைச்சாலையான ஆல்ப் டுவெஸ் 13.8 கி.மீ. ஏற்றம், சராசரியாக 8 சதவீதச் சரிவு, 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 20 கி.மீ. வேகத்தில் காற்றுக்குப் போவது சுமார் 35 வாட். எடையைத் தூக்க 340. இப்போது ஒண்டினாலும் பத்துப் பன்னிரண்டு வாட்தான் தேறும். ஒளிய இடமில்லை. கிலோவுக்கு எத்தனை வாட் என்பதே பேச்சு. கடைசி சில நூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கிற வாட்டசாட்டமான ஸ்பிரின்ட் வீரர்கள் கடைசியில் கூட்டுச் சேர்ந்துகொண்டு, நேர வரம்புக்குள் வந்தால் போதும் என்று ஏறுவார்கள்.

பையனுக்கு இது பிடித்துப்போனது. எங்கள் தீவின் சிலாவோஸ் மலைச்சாலையில், நானூறுக்கு மேற்பட்ட வளைவுகளில், ஓட்டிப் பார்க்க ஆசையாம். அவன் ஆயாவோ ஹேண்டில்பாரில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டிருக்கிறார், திருஷ்டிக்கு. அதையும் கணக்குப் போட்டோம். ஆல்ப் டுவெஸை 40 நிமிடத்தில் ஏறுகிறவருக்கு 750 கிராம் தண்ணீர் பாட்டில் ஒன்று கூடுதலானால் சுமார் 20 நொடி நட்டம். 50 கிராம் எலுமிச்சைக்கு ஒரு நொடியும் கொஞ்சமும்.

திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆயாவைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டேன். திருகாணியில்கூடக் கிராம் குறைக்கிற அணிகளில், ராசியில்லாத 13ஆம் எண் கிடைத்தவர் அதைச் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொண்டு ஓட்டுவதை டிவியிலேயே பார்க்கலாம்.

"அப்ப ஏறுமுன்ன பிழிஞ்சு குடிச்சிடறேன்" என்றான்.

"வயித்துல இருந்தாலும் எடைதானேடா?" பின்வரிசையிலிருந்து ஒரு பெண்.

"தோல் மிச்சமாகுதில்ல!"

வினையெச்சம் அடுத்த வாரம்.