கோலிஃபேஜ் இருக்கிறது என்றால் சாக்கடை கலந்திருக்கிறது

"கங்கையில் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் இருக்கிறது, அதனால் அந்த நீர் தானாகவே சுத்தமாகிவிடும்." 2025 கும்பமேளா சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய இந்தச் செய்தி இன்னும் ஓய்ந்தபாடில்லை. இப்போது அதையே ஏரிக்கும் கிணற்றுக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். பரிசோதனை அறிக்கையில் கோலிஃபேஜ் (ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) இருப்பதாக எழுதிக் கொடுத்தால், "அது நல்லதுதானே?" என்ற கேள்வி வருகிறது. இல்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், தனியாகப் பெருகாது. கோலிஃபேஜ் பெருக ஈ.கோலை வேண்டும். ஈ.கோலை வாழ்வது மனிதர், மாடு, பன்றி, கோழி ஆகியவற்றின் குடலில். அங்கே பெருகி மலத்தோடு வெளியே வரும் கோலிஃபேஜ், சுத்திகரிக்காத சாக்கடை நீரில் லிட்டருக்கு லட்சக்கணக்கில் இருக்கும். அது கிணற்றில் கிடைத்தால், சாக்கடைக்கும் கிணற்றுக்கும் எங்கோ வழி திறந்திருக்கிறது.

"சரி, வந்த ஃபேஜ் ஈ.கோலையைக் கொன்றுவிடாதா?" ஆய்வகத் தட்டில் கொல்லும். ஆற்றில் அந்த அளவுக்கு நடக்காது. தொற்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ, ஒரு மில்லி நீரில் ஏறக்குறைய பத்தாயிரம் ஈ.கோலையாவது வேண்டும், அவை வளர்ந்துகொண்டும் இருக்க வேண்டும். ஆற்றில் அவை உணவின்றிச் சிதறிக் கிடக்கின்றன. கோலிஃபேஜ்களில் ஒன்றான எம்.எஸ்.2 வகைக்கு இன்னொரு தடையும் உண்டு. ஈ.கோலையின் மேல் முளைக்கும் எஃப்-பைலஸ் என்ற நுண்ணிழையில்தான் அவை ஒட்ட முடியும். ஏறத்தாழ 30 டிகிரிக்குக் கீழே அந்த இழை சரியாக முளைப்பதில்லை. நம் ஊர்க் கோடையில் தொட்டி நீர் அந்தச் சூட்டைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே ஈ.கோலைக்கு அத்தனை நெருக்கம் இருக்காது.

ஒரு பேச்சுக்கு ஈ.கோலை முழுவதும் செத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதே மலத்தில் வந்த ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ, ரோட்டா வைரஸ், ஜியார்டியா ஆகியவற்றை எந்தக் கோலிஃபேஜும் தொடாது. 1896இல் ஹேன்கின் என்ற பிரிட்டிஷ் பாக்டீரியா ஆய்வாளர் கங்கை, யமுனை நீர் காலரா கிருமியைக் கொல்வதாக எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் பார்த்தது காலரா கிருமியை மட்டும். அதற்குக் காரணம் ஃபேஜ்தானா என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை.

பிறகு எதற்காகக் கோலிஃபேஜைத் தேடுகிறோம்? 1955 நவம்பரில் நஜஃப்கட் வடிகாலிலிருந்து யமுனையில் விழும் கழிவு, வஜிராபாத்தில் டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் இடம்வரை பின்னோக்கி வந்தது. குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் எழவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது; அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. பாக்டீரியாவை அடக்கிய குளோரினுக்கு வைரஸ் தப்பிவிட்டது. ஈ.கோலை பூஜ்யம் என்ற ஒரே வரியை நம்பக் கூடாது என்பது இதனால்தான். எம்.எஸ்.2 சுமார் 27 நானோமீட்டர். ஹெபடைடிஸ் ஏ வைரஸும் கிட்டத்தட்ட அதே அளவு. எம்.எஸ்.2 குடல் வைரஸ்களைப் போலவே தாக்குப்பிடிக்கும், மனிதருக்கு நோய் தராது, மறுநாளே முடிவு தெரியும். 0.2 மைக்ரான் கேண்டில் ஃபில்டரில் ஈ.கோலை நிற்கும், எம்.எஸ்.2 வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நம் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500:2012 தெளிவாகவே சொல்கிறது: 1 லிட்டரில் எம்.எஸ்.2 ஃபேஜ் இருக்கக் கூடாது, சோதனை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (யு.எஸ்.இ.பி.ஏ.) 1602 முறைப்படி. அந்த முறையின் ஒரு சோதனை 100 மில்லிக்கானது. அப்படியானால் பத்து முறை செய்ய வேண்டும். 100 மில்லியை மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதுவது தரத்தின்படி விடையே ஆகாது. தயவுசெய்து எவ்வளவு நீரைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

ஆய்வகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: குளோரின் உள்ள நீர் என்றால் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்ட பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். பனிப்பெட்டியில் வையுங்கள், உறையவிடாதீர்கள், 48 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். மக்னீசியம் குளோரைடை மறந்தால் ஃபேஜ் ஒட்டாது. தட்டில் ஊற்றும் அகார் கூழ் 48 டிகிரிக்கு மேல் போனால் வளர்ப்புப் பாக்டீரியாவே செத்துவிடும். இரவு முழுக்க வளர்த்த கிழட்டு வளர்ப்பை ஊற்றினால் ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற இடத்தைக் காட்டும் வெற்று வட்டம் தட்டில் விழாது. வேகமாக வளரும் கட்டத்தில் இருக்க வேண்டும். எம்.எஸ்.2 சோதனைக்குப் பயன்படுத்தும் எஃப்-ஆம்ப் என்ற ஈ.கோலை வளர்ப்பு எஃப்-பைலஸை இழந்திருக்கக் கூடாது; இழந்திருந்தால் ஃபேஜ் இருந்தும் பூஜ்யம் வரும், அறிக்கை பார்க்க அழகாக இருக்கும். ஒப்பீட்டுக்காக வேண்டுமென்றே எம்.எஸ்.2 கலந்த கட்டுப்பாட்டுத் தட்டைக் கடைசியில் ஊற்றுங்கள். அதிலிருந்து தெறித்தது மற்ற மாதிரிகளில் பாசிட்டிவ் காட்டியதாக எத்தனையோ சம்பவங்கள் உண்டு.

மனித மலம்தானா என்று அறிய, மனிதக் குடலில் மிகுதியாக இருக்கும், 2014இல் கண்டறியப்பட்ட கிராஸ்ஃபேஜை, டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனையில் தேடலாம். செத்த ஃபேஜின் டி.என்.ஏ.வும் அதில் பாசிட்டிவ் காட்டும். குளோரின் வேலை செய்ததா என்பதற்கு அது விடை சொல்லாது.

வீட்டில் செய்ய வேண்டியது: கோலிஃபேஜ் வந்துவிட்டால் முதலில் கசிவைத் தேடுங்கள். செப்டிக் டேங்க், சம்ப்பின் சுவர், சாக்கடையைக் கடக்கும் குழாய் இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கசிவை அடைத்த பிறகு தொட்டியைக் கழுவி வண்டலை அகற்றுங்கள். கலங்கலில் ஒளிந்த வைரஸைக் குளோரின் எட்டாது. 25% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம், 1,000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் தரும். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, மீதமுள்ள குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் இன்னும் போட வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரை நம்பாதீர்கள். அதுவரை குடிநீர் தளதளவெனக் கொதித்தாக வேண்டும்.

காசியிலிருந்து கொண்டுவந்த சொம்பு பூஜையறையில் இருக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. பச்சைக்குழந்தையின் வாயிலும், படுக்கையில் இருக்கும் பெரியவர் வாயிலும் மட்டும் அந்த நீரைக் கொதிக்கவைக்காமல் விடாதீர்கள்.