"ஐடிலிங்லதாண்ணே ஓடுச்சு"

போன தை மாதம் பெரம்பலூர் பக்கம் ஒரு களத்துக்குக் கூப்பிட்டார்கள். மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் பாதியில் நிற்கிறது, டிராக்டரிலிருந்து மெஷினுக்குச் சுற்று கொடுக்கிற பிடிஓ ஷாஃப்ட்டைக் கழற்ற முடியவில்லை, வந்து எடுத்துக் கொடுங்கள் என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஷாஃப்ட் மடங்குகிற மூட்டில் இருக்கும் கிராஸைச் சுற்றி ஒரு துண்டு. விரலால் அழுத்தினால் மரக்கட்டை மாதிரி இருந்தது. கத்தி இறங்கவில்லை. ஆக்சா பிளேடு வைத்துத்தான் அறுத்தேன். துண்டுக்காரர் அப்போது திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். உயிர் இருக்கிறது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

நான் அறுத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் தம்பி பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னான்: "ஐடிலிங்லதாண்ணே ஓடுச்சு. ரேஸே குடுக்கல."

இருபத்திரண்டு வருடமாக டிராக்டர் வேலை பார்க்கிறேன். இந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ரேஸ் கொடுக்காமல் இன்ஜின் சும்மா மெதுவாக ஓடினால், அதாவது ஐடிலிங்கில், ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். அதனால் முதலில் இந்த ஐடிலிங் கதையை முடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

பிடிஓ 540 என்றால் நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு 9. ஷாஃப்ட்டின் சுற்றளவை ஒரு ஜாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஜாண் துணியை ஒரே நொடியில் சுருட்டிவிடும். நீங்கள் கட்டியிருக்கும் நாலு முழ வேட்டி மொத்தமே எட்டு ஜாண்தான்.

சரி, ஐடிலிங்கில்? இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் (ஆர்பிஎம்) ஓடும்போது பிடிஓ 540 வருகிற வண்டி 750இல் ஓடினால் பிடிஓ 225 சுற்றும். நொடிக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது கிட்டத்தட்ட இரண்டு முழம். கையை நீட்டித் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்து பாருங்கள், அதுகூட அவ்வளவு வராது. 'ஐயோ' என்று வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

இதைச் சொன்னால் அடுத்த பதில் தயாராக இருக்கும்: "மெதுவா ஓடுற இன்ஜின்தானே, இழுத்துப் பிடிச்சா ஆஃப் ஆயிடும்." ஆகாது. டீசல் பம்பில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. லோடு ஏறி வேகம் இறங்கப் பார்த்தால் அது தானாக டீசலைக் கூட்டிக் கொடுக்கும். ஐடிலிங்கிலும் கொடுக்கும். மாட்டியது சோளக்கதிரா, சேலை முந்தானையா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் இழுக்க இழுக்க அதுவும் இழுக்கும். அதோடு இன்ஜின் வேகத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் பிடிஓவுக்குக் கொண்டுவருகிறார்கள், அந்தக் குறைப்பில் முறுக்கு பல மடங்காகிவிடும். நாலு ஆள் சேர்ந்து பிடித்தாலும் நிற்காது. ரேஸ் குறைவாக இருக்கும்போதுதான் ஆட்கள் தைரியமாகப் பக்கத்தில் போகிறார்கள் என்பதால், என்னைக் கேட்டால் ஐடிலிங்தான் கூடுதல் ஆபத்து.

"கிளட்சை மிதிச்சிருவோம்ல" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டூயல் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும்தான் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பிடிஓ விடும். சிங்கிள் கிளட்சில் இரண்டும் சேர்ந்து விடும், ஆனால் மெஷினில் இருக்கிற ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரத்தை யார் மிதிப்பது? பிடிஓ லிவரை எடுத்த பிறகும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அது மட்டுமில்லாமல், மிதிக்க வேண்டிய டிரைவர் அந்த நேரத்தில் சீட்டில் இருப்பதே இல்லை. சாக்குக்கு வாய் கட்டிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் டீ வாங்கப் போயிருப்பார்.

துண்டு எப்படி மாட்டுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மக்காச்சோளத் தூசி. மூச்சு விட முடியாது. அதனால் எல்லோரும் தலையிலும் மூக்கிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நேரம் போகப் போக முடிச்சு தளர்கிறது, ஒரு முனை தொங்குகிறது. ஷாஃப்ட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் கதிரை எடுக்கக் குனிகிறார்கள், இல்லையென்றால் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஷாஃப்ட்டைத் தாண்டுகிறார்கள். கிராஸில் நீட்டிக்கொண்டிருக்கும் கிரீஸ் நிப்பிளோ, கிராஸின் இரு பக்கமும் கவை மாதிரி இருக்கும் யோக்கைப் பிடித்திருக்கும் பின்னோ ஒரு நூலைப் பிடித்தால் போதும்.

இதைத் தடுக்கத்தான் கம்பெனிக்காரன் மூன்று இடத்தில் மறைப்பு கொடுக்கிறான். வண்டிப் பக்கம் இரும்புத் தகடு, ஷாஃப்ட் மேல் பிளாஸ்டிக் குழாய், மெஷின் பக்கம் ஒரு மூடி. முதல் சர்வீஸுக்கு வரும்போதே தகடு இருக்காது. 'மாட்டுறதுக்கு இடைஞ்சலா இருக்கு' என்று கழற்றி வீட்டில் போட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் அது கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தட்டாக இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். கதிரடிக்கிற பவர் திரெஷரை மனதில் வைத்து 1983இலேயே ஆபத்தான இயந்திரங்களுக்கு என்று ஒரு சட்டம் போட்டார்கள். களத்துமேட்டில் அதைக் கேள்விப்பட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் டீசல். பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுகிறவர்கள்கூட டீசல் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆர்பிஎம் மீட்டரில் 540 என்று ஒரு குறி இருக்கும். எந்த இன்ஜின் வேகத்தில் அது வரும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்தக் குறிக்கு மேல் முறுக்கினால் மண் கூடப் பொடியாகும் என்று ரோட்டவேட்டர்காரர்கள், அதாவது சுழல்கத்தியால் உழுகிறவர்கள், நினைக்கிறார்கள். டீசல்தான் கூடப் போகும், கிராஸும் கியர்பாக்ஸும் சீக்கிரம் போகும். பொடி வேண்டுமென்றால் வண்டியை ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள், பிடிஓவை ஏற்றாதீர்கள். மருந்தடிப்பது, ஜெனரேட்டர் ஓட்டுவது, தீவனம் வெட்டுவது மாதிரி லேசான வேலைக்கு எகானமி பிடிஓ இருந்தால் அதில் போடுங்கள். குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 வந்துவிடும், டீசல் மிச்சம். அதே எகானமியில் ரோட்டவேட்டரை ஆழமாக இறக்கிவிட்டுக் கரும்புகை கக்க வைக்காதீர்கள். இத்தனையும் மீட்டர் வேலை செய்தால்தான். வருகிற வண்டிகளில் பாதிக்கு மீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறது.

ஷாஃப்ட் நீளம் இன்னொரு தலைவலி. ஒரு வண்டிக்கு அளந்து வெட்டியதை இரவல் வாங்கி வேறு வண்டியில் மாட்டுகிறார்கள். வேலை செய்யும்போது உள்குழாய் வெளிக்குழாய்க்குள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். முழுக்கச் சுருங்கும்போதும் ஒரு அங்குலம் இடைவெளி மிச்சம் வேண்டும். ஷாஃப்ட் நீளம் குறைவாக இருந்தால் கழன்று, சுற்றுகிற வேகத்திலேயே சாட்டை மாதிரி அடிக்கும். நீளம் அதிகமாக இருந்தால் முட்டி, வண்டியின் பிடிஓ பேரிங்கை உடைக்கும். இரண்டு யோக்கும் ஒரே நேராக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு நிற்கவே நிற்காது. வரப்பில் ரோட்டவேட்டரைத் தூக்கித் திருப்பும்போது பிடிஓவை எடுத்துவிடுங்கள். ஷியர் போல்ட் உடைந்தால் அதே ரகம் போடுங்கள். லோடு மீறினால் உடைந்து மெஷினைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. கெட்டி போல்ட் போட்டு 'இப்ப உடையலைண்ணே' என்று என்னிடம் பெருமை பேசியவர் அடுத்த வாரம் கியர்பாக்ஸோடு வந்தார்.

களத்தில் வேலை செய்யும் அக்கா தங்கச்சிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், பின்னலைக் கொண்டையாகப் போட்டு மேலே ஒரு சட்டை மாட்டிக்கொள்ளுங்கள். தூசிக்கு மாஸ்க் போதும், துண்டு வேண்டாம். ஷாஃப்ட்டைத் தாண்டவே கூடாது, மெஷினைச் சுற்றிக்கொண்டு போங்கள். டிரைவர்களுக்குக் கெஞ்சல் எல்லாம் கிடையாது. அடைப்பு எடுக்க, கிரீஸ் வைக்க, எதற்கு இறங்கினாலும் பிடிஓவை எடு, இன்ஜினை ஆஃப் செய், சாவியைப் பையில் போடு, சுற்றுவது முழுக்க நின்றதைக் கண்ணால் பார், பிறகு கை வை. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதே.

மாட்டிவிட்டால் ஆளை இழுக்காதீர்கள், முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். ரத்தம் வருகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கூடவே அனுப்புங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது.

நாளைக்கு மெஷின் மாட்டும்போது ஒரு வேலை செய்யுங்கள். இன்ஜின் ஓடாதபோது ஷாஃப்ட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் நிற்க, குழாய் மட்டும் லேசாகச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் குழாயும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஓடும், இருந்தும் இல்லாத மாதிரிதான். வேலை நடக்கும்போது குழாய் சுற்றாமலிருக்க ஒரு சின்னச் சங்கிலி இருக்கும், அதை வண்டியில் மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சங்கிலி இல்லையென்றால் பட்டறைக்கு வாங்க, நான் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம்.