சம்மருக்குப் பெரிய எழுத்து வேண்டாம், மே மாதத்துக்குக் கட்டாயம் வேண்டும்

ஏப்ரல் பிறந்தால் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வரை அச்சகங்களில் கோடை முகாம் நோட்டீஸ்கள் வரிசை கட்டும். மெய்ப்புப் பார்க்க வரும் ஆங்கிலப் பிரதிகளில் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்று உண்டு. வாக்கியத்தின் நடுவில் இருக்கும் சம்மருக்குப் பெரிய எஸ் (கேப்பிட்டல் எழுத்து), அதே வரியில் மே மாதத்துக்குச் சின்ன எம். இரண்டுமே தலைகீழ்.

ஆங்கிலத்தில் கிழமையும் மாதமும் சிறப்புப்பெயர்கள். எங்கே வந்தாலும் முதலெழுத்து பெரியது. சம்மர், விண்டர், ஸ்பிரிங், மான்சூன் எல்லாம் பொதுப்பெயர்கள். வாக்கியத்தைத் தொடங்கினால் ஒழிய சின்ன எழுத்துதான். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று மாணவர்கள் கேட்பார்கள். ஜூலை என்பது ஜூலியஸ் சீசரின் பெயர், ஆகஸ்ட் அகஸ்டஸின் பெயர் என்று சமாளிக்கலாம். ஆனால் ஏழு என்ற எண்ணிலிருந்து வந்த செப்டம்பருக்கும் பெரிய எஸ்தானே போடுகிறோம்? 17, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்கே பெரிய எழுத்து போட்டார்கள். அந்த வழக்கம் ஒழிந்தபோது மாதங்கள் தப்பின, பருவங்கள் தப்பவில்லை. இதில் தர்க்கத்தைவிட வழக்கம்தான் அதிகம். நெட்டுருப் போடுவதே மேல்.

முன்னால் 'எவ்ரி', 'லாஸ்ட்' சேர்க்க முடிந்தால் பொதுப்பெயர் என்று ஒரு சோதனையைச் சொல்லித்தருகிறார்கள். அது காலை வாரிவிடும். 'எவ்ரி மண்டே', 'லாஸ்ட் ஜூலை' என்றும் சொல்கிறோமே! கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஒன்றுக்கென்றே சூட்டிய பெயரா இது? தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சில் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. அடுத்த வரியில் 'த பீச்' என்று மட்டும் வந்தால் சின்ன பி. ஃபோர்ட் செயின்ட் டேவிட் என்றால் பெரிய எஃப், 'த ஃபோர்ட்' என்றால் சின்னது. ஈஸ்ட் கோஸ்ட் ரோடு மூன்றும் பெரிது. மனை அந்தச் சாலைக்கு ஈஸ்ட் பக்கம் என்று எழுதினால் சின்ன இ. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த புயலை 'சைக்ளோன் தானே' என்று எழுதும்போது சி பெரிது. பெயரை விட்டுவிட்டு 'த சைக்ளோன்' என்றால் சி இறங்கிவிடும்.

பருவத்துக்கும் இதே கணக்கு. முகாமின் பெயரே 'சம்மர் கேம்ப் 2025' என்றால் எஸ்ஸும் சியும் பெரிது. 'அவர் சம்மர் கேம்ப்' என்று வாக்கியத்துக்குள் பொதுவாகச் சொன்னால் இரண்டும் சின்னது. ஒரே நோட்டீஸில் இரண்டு விதமாகவும் வரலாம், அது பிழையில்லை. வடகிழக்குப் பருவமழையின் ஆங்கிலப் பெயரைச் சிலர் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். எங்கள் பரிந்துரை சின்ன எழுத்து. எதை எடுத்தாலும் ஒரே பிரதியில் கலக்காதீர்கள். மார்கழி, சித்திரை மாதப் பெயர்கள் என்பதால் ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்து. அக்னி நட்சத்திரமும் குறிப்பிட்ட சில நாட்களின் பெயர், அதற்கும் பெரியதே. பாகூர்ப் பக்கத்து விவசாயச் செய்தியில் சம்பா, குறுவைக்குச் சின்னது, பொன்னி என்ற ரகத்துக்குப் பெரியது.

புதுச்சேரியில் பிரெஞ்சும் படிக்கிற பிள்ளைகளுக்குக் குழப்பம் இரட்டிப்பு. பிரெஞ்சில் கிழமை, மாதம், பருவம் மூன்றுக்குமே சின்ன எழுத்து. மொழியின் பெயராக வரும்போது 'ஃபிரான்ஸே' சின்ன எஃப், அந்த நாட்டு ஆளைக் குறித்தால் பெரிய எஃப். 'ரியூ த்யூமா' (த்யூமா தெரு) என்று வாக்கியத்துக்குள் எழுதினால் ரியூவுக்குச் சின்ன எழுத்து. பலகையில் அது பெரிதாக இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஜூலை 14-ஐ வெறும் தேதியாக எழுதினால் மாதத்துக்குச் சின்ன எழுத்து, தேசிய விழாவின் பெயராக எழுதினால் பெரியது. பெயராகும்போதுதான் பெரிய எழுத்து என்ற நியாயம் அங்கேயும் உண்டு.

தமிழ் எழுத்தில் பெரிது சின்னது கிடையாது. அதனால் நம்மவர்கள் கேப்பிட்டல் லெட்டரைப் பெயருக்குப் பின்னால் சேர்க்கும் 'அவர்கள்' மாதிரி, மரியாதைக்காகப் போடுகிறார்கள். அழைப்பிதழில் 'கெஸ்ட்', 'ஃபேமிலி', 'ஃபங்ஷன்' எல்லாம் தலை நிமிர்ந்து நிற்பது இதனால்தான். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்று அச்சகக்காரர்களும் விட்டுவிடுகிறார்கள்.

கணினியை நம்பி இருக்க முடியாது. வேர்டு சின்ன எழுத்தில் அடித்த 'ஜனவரி'க்குச் சிவப்புக் கோடு போடும். மேயும் மார்ச்சும் வேறு பொருளிலும் வழங்கும் சொற்கள், அவற்றைக் கண்டுகொள்ளாது. பெரிய எஸ்ஸோடு நிற்கும் சம்மரையும் தொடாது. கண்ட்ரோல் எச் அழுத்தி, 'மோர்' பொத்தானைத் திறந்து, 'மேட்ச் கேஸ்' கட்டத்தில் டிக் போட்டு, பருவப் பெயர்களைப் பெரிய எழுத்தோடு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். 'ரீப்ளேஸ் ஆல்' வேண்டவே வேண்டாம். வாக்கியத் தொடக்கமும் முகாமின் பெயரும் சேர்ந்தே சின்னதாகிவிடும்.

போஸ்டருக்கென்று எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே அடித்துவிட்டு, பிறகு அதே வாசகத்தைப் பத்திரிகைச் செய்திக்கு அனுப்புவார்கள். வேர்டில் அதைத் தேர்ந்தெடுத்து, வாக்கிய வடிவம் வரும்வரை ஷிஃப்ட் எஃப் 3 தட்டலாம். கூடவே வில்லியனூர், நெல்லிக்குப்பம், மே எல்லாம் சின்ன எழுத்தாகியிருக்கும். அவற்றைக் கையால்தான் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.