பட்டியலில் பெயர் இருப்பது சிகிச்சை ஆகாது

ஆறு மாதமாக வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். குரல் உடைந்ததிலிருந்து, வருகைப் பதிவின்போது கையை மட்டும் தூக்குமாம் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை. அம்மா ஒரு கோப்பை நீட்டினார். உள்ளே ஒரே ஒரு தாள்: பாலின அடையாளச் சேவைக்கான (பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்களுக்கான மருத்துவச் சேவை) பரிந்துரை வந்து சேர்ந்தது, காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்ற கடிதம். தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தூக்கம் இல்லை, சரியான சாப்பாடும் இல்லை. யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டேன்.

"காட்டினோம் மேடம். அதான் அந்த லிஸ்ட்ல பேர் இருக்கே, அங்கேயே பாத்துக்குவாங்கன்னு அனுப்பிட்டாங்க."

மனநல ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

இங்கிலாந்தையே பாருங்கள். அங்கே அரசு மருத்துவச் சேவையில், பரிந்துரைத்த 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவமனையில் இயங்கிய சிறார் பாலின அடையாளச் சேவைக்கு 4,600க்கும் மேற்பட்டோர் காத்திருந்ததை 2021 ஜனவரியில் வெளியான, மருத்துவச் சேவைகளின் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் அறிக்கை சொன்னது. முதல் சந்திப்புக்கே சிலர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டுப் புதிய மையங்களைத் திறந்தார்கள். வரிசை அப்படியே அங்கும் வந்தது.

இந்தச் சிறார் சேவையை ஆராய அங்குள்ள அரசு மருத்துவச் சேவை நியமித்த மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் தந்த அறிக்கையில், சிகிச்சை பற்றிய பகுதிகள் இன்றும் சர்ச்சைக்குரியவை. ஆனால் பாலினம் என்ற பேச்சு எழுந்ததுமே பிள்ளையின் மற்றப் பிரச்சினைகள் மருத்துவர்களின் கண்ணில் படாமல் போகின்றன என்று அதில் சொல்லியிருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, பட்டினி கிடப்பது, இவற்றுக்கெல்லாம் உள்ளூரிலேயே, இப்போதே சிகிச்சை கேளுங்கள். தட்டிக்கழித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வயது 18 நெருங்குகிறதா? பெரியவர்கள் பட்டியலுக்கு மாற்றும்போது பழைய பரிந்துரைத் தேதி செல்லுமா என்று எழுதிக் கேளுங்கள். அப்புறம், பொறுமை இழந்து இணையத்தில் ஹார்மோன் வாங்கும் பிள்ளைகளும் உண்டு. திட்டினால் மறைப்பார்கள், ரத்தப் பரிசோதனை இல்லாமல் எடுப்பதுதான் ஆபத்து என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த முறை வந்தபோது அம்மாவின் கோப்பில் இரண்டாவது தாள் இருந்தது: உள்ளூர் மனநல மருத்துவரின் சீட்டு. பிள்ளை இன்னும் பேசவில்லை. தன்னை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று எழுதி என் பக்கம் நகர்த்தியது.