எம்எல்ஏ சம்பளத்தை நிறுத்தினால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

போன வாரம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பட்டிமன்றம். "மாநிலத்தின் நிதி நெருக்கடிக்குத் தீர்வு வரி உயர்வா, செலவுக் குறைப்பா?" என்று தலைப்பு. கருவூலத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் இரண்டு அணியிலும் ஒரே வாட்ஸ்அப் செய்தியைத்தான் மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள். "எம்எல்ஏக்களின் சம்பளத்தை நிறுத்துங்கள், கடன் தானாகத் தீரும்!" அரங்கமே அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த பேராசிரியர்களும் கைதட்டினார்கள்.

இந்த ஆண்டில் இதை நான் கேட்பது மூன்றாவது முறை. முதல் முறை ஓய்வூதியர் கூட்டத்தில். வாழ்நாள் முழுவதும் பில் பட்டியல் தணிக்கை செய்தவர்களே சொன்னார்கள். அடுத்தது உறவுக்காரர் வீட்டு வளைகாப்புப் பந்தியில். இனிப் பொறுக்க முடியாது. அன்று நான் தீர்ப்புச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சம்பளக் கணக்கு. 2017இல் எம்எல்ஏவின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. மொத்தம் 234 பேர். பெருக்குங்கள்: மாதம் இரண்டரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆண்டுக்கு இருபத்தொன்பதரைக் கோடி. இனி அடுத்த பக்கம். 2025-26 வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டில் தமிழ்நாடு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 70,754 கோடி. 365ஆல் வகுத்தால் நாளுக்கு 194 கோடி, மணிக்கு 8 கோடி. அதாவது 234 பேரின் ஓராண்டுச் சம்பளம் முழுவதையும் பிடுங்கினாலும் நான்கு மணி நேர வட்டிக்குக்கூடக் காணாது. தர்மபுரியில் சென்னை பஸ் ஏறியவர் பாதி வழி தாண்டியதும் தீர்ந்துபோகும்.

"ஐயா, கார், படி, ஓய்வூதியம் எல்லாம் சேர்க்கவில்லையே" என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா, ஐந்து மடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். 147 கோடி வரும். அதுவும் ஒரு நாள் வட்டி ஆகாது. எம்எல்ஏவுக்கு அவ்வளவு சம்பளம் தகுமா என்பது வேறு கேள்வி. தாராளமாகக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அதைக் கடனுக்கு மருந்தாகக் காட்டாதீர்கள். நூறு ரூபாய் கடன் வைத்திருப்பவன் பாக்கெட்டில் கிடந்த பொத்தானைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாரம் குறைந்தது என்று மகிழ்வதைப் போன்றது அது. இதைக் கேட்டுக் கைதட்டிய பிறகு உண்மையான கணக்கைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

உண்மையான கணக்கு இதுதான். அதே ஆண்டில் அரசின் வருவாய் வரவு 3,31,569 கோடி என்று மதிப்பிட்டார்கள். அதை ஒரு ரூபாயாக எண்ணிக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு 27 பைசா, ஓய்வூதியத்துக்கு 12 பைசாவுக்குச் சற்று மேல், வட்டிக்கு 21 பைசா. இந்த மூன்றிலேயே 61 பைசா போய்விட்டது. மின்சாரம், அரிசி, உள்ளாட்சிகளுக்கான பங்கு, உதவித்தொகை என்று மானியங்களாகவும் நிதி மாற்றங்களாகவும் போவது 45 பைசாவுக்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள், ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்தும் ஜீப்புக்கு டீசலும் இன்னும் வாங்கவில்லை. இப்படித் துண்டு விழுந்த தொகைதான் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. 

"இலவசங்களை நிறுத்தினால் போதும்" என்பது அடுத்த கைதட்டல். அதிகம் வசை வாங்கும் இரண்டையே எடுத்துக்கொள்வோம். மகளிர் உரிமைத்தொகை 13,807 கோடி, மகளிர் பஸ் பயணம் 3,600 கோடி. ரூபாயில் ஐந்து பைசா. சின்னத் தொகை இல்லை. அவற்றைப் பற்றி விவாதிக்க வேண்டும். ஆனால் இரண்டையும் நாளைக்கே ரத்து செய்தாலும் பற்றாக்குறையில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். 2023 ஜூலையில் உரிமைத்தொகை விண்ணப்ப முகாமை முதலமைச்சர் நம் தர்மபுரி மாவட்டத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். அன்று விண்ணப்பித்த பெண்களில் பலர் கல் உடைப்பவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும்தான். "நாங்கள் வரி கட்டுகிறோம், அவர்கள் வாங்குகிறார்கள்" என்று அவர்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அவர்கள் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் வரி இருக்கிறது.

இனி செலவுக் குறைப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பட்டிமன்றம் முடிந்த மறுநாள் காலை பென்னாகரம் பக்கத்து ஒப்பந்ததாரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சின்ன ஒப்பந்ததாரர், சுற்றுச்சுவர், கழிப்பறை, சிறுபாலம் இவைதான் எடுப்பார். ஒரு துறைக்காக நான்கரை லட்சத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. பில் பட்டியல் பாஸ் ஆகவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்பினார். வேலை உத்தரவு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், முடிவுச் சான்று, சுவரின் போட்டோ நான்கு. எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக, நான்காக மடித்த நகைக்கடன் ரசீது ஒன்றைக் கொடுத்தார். மனைவியின் சங்கிலி, 32 கிராம். மடிப்பு விழுந்த இடம் கிழிந்து, பின்புறம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் வெளியே மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கியிருக்கிறார். பதினொரு மாத வட்டி 99,000. அந்தச் சுவரில் அவர் எதிர்பார்த்த லாபம் ஐம்பதாயிரம்.

"சார், பணம் இல்லை என்று ஒரே வார்த்தையாகச் சொல்லியிருந்தால் நான் வேலையையே எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி எத்தனை பட்டியல்களைத் திருப்பியிருப்பேன்! மார்ச் மாதத்தில் "நிதி ஒதுக்கீடு இல்லை" என்று எழுதி அனுப்புவது எங்களுக்கு ஒற்றை வாக்கியம். அரசாணையில் அதற்குச் "சிக்கனம்" என்று பெயர். ஆண்டறிக்கையில் செலவு குறைந்ததாகத் தெரியும், பற்றாக்குறை அழகாக இருக்கும். ஆனால் அந்த நான்கரை லட்சம் எங்கும் மிச்சமாகவில்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடப்பட்டிருக்கிறது. அடுத்த டெண்டரில் இவரும் இவரைப் போன்றவர்களும் அந்த வட்டியையும் சேர்த்தே விலை எழுதுவார்கள், அல்லது சிமென்டைக் குறைப்பார்கள். அந்தச் சுவர் பத்து ஆண்டுகளில் விரிசல் விடும். அதற்கு மறுபடி மதிப்பீடு, மறுபடி டெண்டர்.

இன்னொன்றும் என் கண்முன்னே நடந்தது. 2020 மே மாதம் கொரோனா நெருக்கடியில் அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60. பணிக்கொடையும் மற்றப் பலன்களும் இரண்டு ஆண்டு தள்ளிப்போயின. அரசுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆட்கள் இரண்டு ஆண்டு கழித்து, கூடுதலான கடைசிச் சம்பளத்தோடு, கூடுதலான பணிக்கொடை கேட்டு வந்தார்கள். இடையில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? தர்மபுரி நூலகத்தில் காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்று இடம் பிடித்து, டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களுக்கு வர வேண்டிய காலியிடங்கள் வரவில்லை. அந்தக் குறைப்புக்கான வரியை அவர்கள் தங்கள் வயதைக் கொடுத்துக் கட்டினார்கள். இதை எந்தப் பட்டிமன்றத்திலும் ஒருவரும் சொன்னதில்லை.

அப்படியானால் வரியை உயர்த்தலாமா? உயர்த்த என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டது; அதன் விகிதம் மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது, சென்னையில் அல்ல. மாநிலத்தின் கையில் தனியாக மிஞ்சியிருப்பவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகனம், மின்சாரம், கனிமம் உள்ள நிலம். டீசலில் கை வைத்தால் பாலக்கோடு சந்தையிலிருந்து போகும் ஒவ்வொரு தக்காளிப் பெட்டிக்கும் வாடகை ஏறும். அதோடு நமக்கு எல்லை வேறு அருகில். ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஓசூர் லாரிக்காரர்கள் அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு வருவதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 2024 ஜூனில் கர்நாடகம் டீசலுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஏற்றியது. அதன் பிறகும் டீசல் நம் பக்கத்தைவிட அங்கே மலிவாகவே இருந்தது. வரியை ஏற்றியதும் வருவாய் அதே அளவில் ஏறிவிடும் என்று தாளில் பெருக்கிக் காட்டுகிறவர்கள் ஒருமுறை அந்தப் பங்க் வாசலில் நின்று வண்டி எண்களைப் பார்க்க வேண்டும்.

பத்திரப்பதிவிலும் இதே கதைதான். 2017இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை, 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 சேர்த்து 11. இருபது லட்சத்துக்கு வாங்கிய மனையை எட்டு லட்சத்துக்கு எழுதாதவர் அந்த நாளில் யார்? 2023இல் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்து, மதிப்பைப் பழையபடி உயர்த்தியது சரியான திசை. விகிதம் குறைவு, அடித்தளம் உண்மை. வரி என்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான். புது வரி கேட்பதற்கு முன், ஏற்கெனவே வர வேண்டியதை ஒழுங்காக வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் முக்கியமான வருத்தமும் இதுதான்: பொருளாதாரம் வளர்ந்த அளவுக்கு மாநிலத்தின் சொந்த வரி வளரவில்லை.

கடனே வாங்கக் கூடாது என்கிறவர்களுக்கு ஒன்று. நம் மாவட்டங்களில் பல தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பாகவே முளைத்தது. பெரியவர்களுக்கு முழங்கால் மடங்காமல் போனது. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் அரசு நிறுவனத்தின் கடனில்தான் வந்தது. 1,928 கோடிக்கு மேல், 2013இல் திறந்தார்கள். வட்டிக்கு வாங்கிக் கிணறு வெட்டுவதும் வட்டிக்கு வாங்கி அரிசி பொங்குவதும் ஒன்றாகாது. வருவாய்ப் பற்றாக்குறை என்பது இரண்டாவது வகை. ஆனால் சிக்கனம் என்று வந்தால் எப்போதும் முதலில் நிற்பது கிணறுதான்; ஏனென்றால் வெட்டாத கிணறு வேலைநிறுத்தம் செய்யாது. 2003இல் ஊழியர் சலுகைகளில் கை வைத்தபோது வேலைநிறுத்தம் நடந்தது. ஏறக்குறைய 1,70,000 பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்து, பிறகு பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தார்கள். அன்றிலிருந்து எந்த அரசும் அந்தப் பக்கம் போகத் தயங்குகிறது. அதனால் கத்தி குழாயிலும் பாலத்திலும் விழுகிறது.

ஆகவே என்னிடம் கேட்டால், வர வேண்டிய வரியை விடாமல் வாங்குவது முதலில். உதவித்தொகைகளைத் தேவையானவருக்கு மட்டும் என்று பிரிப்பது இரண்டாவது. குழாய், சாலை, பள்ளிக் கட்டிடத்தில் கை வைப்பது கடைசியிலும் கடைசி. இதோடு உடன்படாதவர்கள் தாராளமாக வாதிடலாம். ஆனால் எந்தக் கணக்குத் தலைப்பு, எத்தனை கோடி, அதை யார் சுமப்பார்கள் என்று சொல்லிவிட்டு வாதிடுங்கள். நிதித்துறை இணையதளத்தில் நிதிநிலை உரை தமிழிலேயே இருக்கிறது. பேச மேடை ஏறுகிறவர்கள் அதைப் படிக்காமல் ஏறுவது எனக்கு மன்னிக்க முடியாத தவறாகத் தோன்றுகிறது.

மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். ஒப்பந்ததாரர்களே, நிர்வாக ஒப்புதலைக் காட்டி "ஆரம்பியுங்கள்" என்றால் ஆரம்பித்துவிடாதீர்கள். நிதி ஒதுக்கீட்டு ஆணை வந்துவிட்டதா என்று கேளுங்கள், நகல் வாங்குங்கள். அளவுப் புத்தகத்தில் பதிவான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் வரும் என்ற நம்பிக்கையில் வெளி வட்டி வாங்கவே வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மனை வாங்குகிறவர்கள் கொடுத்த விலையை எழுதுங்கள். மதிப்பு குறைவு என்று சார்பதிவாளர் முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் சரிபார்க்க அனுப்பிவிட்டால் பத்திரம் மாதக்கணக்கில் சிக்கும். பில் இல்லாமல் வாங்கினால் சிமென்டில் கொஞ்சம் குறையும் என்று கடைக்காரர் சொன்னால் பில்லோடு கொடுங்கள் என்று சொல்லுங்கள். நகராட்சியில் இருக்கிறவர்கள் சொத்து வரியை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. தாமதித்து மாதம் ஒரு சதவீதம் தண்டம் கட்டிவிட்டு அரசைத் திட்டுவதில் பயன் என்ன? கிராமத்தில் இருக்கிறவர்கள் மே 1, அக்டோபர் 2 கிராமசபைக்குப் போய், முடிந்த வேலைகளில் எதற்கெல்லாம் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய வையுங்கள்.

என் வயது ஓய்வூதியர்களே, அந்த எம்எல்ஏ செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பென்னாகரத்துக்காரரின் பட்டியல் இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நான் அவரோடு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். நகைக்கடன் ரசீதைப் பையின் அடியில் வைக்காமல் மேலே வைத்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.