கார்டை அறுக்கும் முன் வாட் கணக்கைப் பாருங்கள்

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் எனக்கு, கல்யாண சீசன் நெருங்கும்போது ஒரே மாதிரியான வேலை வரத் தொடங்கும். ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள், ஆபீஸ்களில் கழித்த சின்ன சிபியுக்களைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வருவார்கள். ராம் கூட்டி எஸ்எஸ்டி போட்டால் நன்றாகவே ஓடும். அப்புறம் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டும் வாங்குவார்கள். கேபினெட்டைத் திறந்தால், கார்டு செருகும் இடங்களில் குட்டை ஸ்லாட் மட்டும்தான் காலியாக இருக்கும். நீளக் கார்டின் செருகும் பகுதியைக் குட்டை ஸ்லாட்டுக்கு ஏற்ப யாரோ வெட்டிக் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைக் கொஞ்சம் அறுத்துக் கொடுங்க" என்று வருவார்கள். சிலர் அறுத்துவிட்டே வருவார்கள்.

அந்த வீடியோக்களில் காட்டுவது பொய்யில்லை. இந்தக் கார்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வகை. அந்த வகைக் கார்டு, கிடைக்கிற லேன் (தகவல் போகும் பாதை) எத்தனையோ அத்தனையில் ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டது. பதினாறு மடை வழியே பாய வேண்டிய தண்ணீர் ஒரே மடை வழியே வந்தாலும் வயலுக்கு வந்து சேரும், நேரம்தான் ஆகும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறத்தாழ 985 எம்பி; பதினாறு லேன் உள்ள நீளமான எக்ஸ் 16 ஸ்லாட்டில் 15 ஜிபிக்கு மேல். ஆல்பம் பக்கம் அடுக்குவதற்கு அந்த ஒற்றை லேனே போதும். கேம் விளையாடினால் திக்கித் திக்கி ஓடும்.

நான் பயப்படுவது வேகத்தைப் பற்றி இல்லை, மின்சாரத்தைப் பற்றி.

ஸ்லாட்டுக்குள் ஒரு தடுப்பு இருக்கும். அதற்கு முன்னால் உள்ள சிறிய பகுதியில்தான் 12 வோல்ட், 3.3 வோல்ட் பின்கள் இருக்கின்றன. குட்டை ஸ்லாட்டிலும் நீள ஸ்லாட்டிலும் இந்தப் பகுதி ஒன்றேதான். அதனால்தான் வால் பக்கத்தை அறுத்தாலும் கார்டுக்கு உயிர் வருகிறது. ஆனால் எக்ஸ் 1 எனப்படும் அந்த ஒற்றை லேன் குட்டை ஸ்லாட்டில் ஒரு கார்டு 10 வாட்டில் தொடங்கி அதிகபட்சம் 25 வாட் எடுக்கலாம் என்பதுதான் விதி. எக்ஸ் 16 கிராபிக்ஸ் கார்டுக்கு 75 வாட். தனி மின் இணைப்பு இல்லாத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கார்டு அந்த 75 வாட் வரை முழுவதையும் ஸ்லாட்டிலிருந்தே இழுக்கும். 25 வாட்டை நினைத்து மதர்போர்டில் போட்ட செம்பு ட்ராக்கில் (மின்சாரம் போகும் கோட்டில்) அதைப் போல மூன்று மடங்கு ஓடினால் சூடு ஏறும். டெஸ்க்டாப் திரை வரும்போது ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவீர்கள் பாருங்கள், பிளாஸ்டிக் கருகும் வாசனை அப்போதுதான் வரும்.

அடுத்தது அறுப்பு. கிராபிக்ஸ் கார்டின் போர்டு ஒற்றைத் தகடு இல்லை. உள்ளே பல அடுக்குச் செம்பு, அதில் கிரவுண்டும் மின்சாரமும் மேலும் கீழுமாகப் போகின்றன. ஹாக்சா பிளேடு இழுக்கும்போது ஒரு அடுக்கின் செம்பு இன்னொரு அடுக்கின் மேல் ஈஷிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை போதும், ஷார்ட் ஆக. அன்றைக்குத் தப்பினாலும், அறுத்த ஓரத்தில் செம்பு பாதுகாப்புப் பூச்சு இல்லாமல் திறந்து கிடக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் அதைச் சும்மா விடாது, பச்சை பூத்துவிடும்.

கார்டை விட்டுவிட்டு ஸ்லாட்டின் பின்சுவரை வெட்டுவது ஒப்பீட்டில் நல்லது. பின்பக்கம் திறந்த ஸ்லாட்டுடன் தொழிற்சாலையிலிருந்தே வரும் மதர்போர்டுகள் உண்டு. ஆனாலும் பிளேடு வழுக்கினால் பக்கத்து ட்ராக் போய்விடும். சால்டரிங் அயர்னால் உருக்கினால் பிளாஸ்டிக் வழிந்து உள்ளே உள்ள பின்களை மூடிவிடும். இதெல்லாம் சரியாக முடிந்தாலும் 25 வாட் 25 வாட்தான்.

சில போர்டுகளில் கார்டைப் பொருத்தியும் டிஸ்ப்ளே வராது, ஏ1 பின்னையும் பி17 பின்னையும் கம்பியால் இணைத்தால் வரும் என்பார்கள். கார்டு இருப்பதைப் போர்டுக்குச் சொல்லும் பின்கள் அவை. யோசனை சரிதான். ஆனால் ஏ1-க்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஏ2 பின்னில் 12 வோல்ட். ஈயம் ஒரு மயிரிழை நகர்ந்தால் போர்டுக்குள் 12 வோல்ட் பாயும். தயவுசெய்து இதை வீட்டில் செய்யாதீர்கள்.

அறுக்காமல், தனி மின் இணைப்புள்ள ரைசர் (குட்டை ஸ்லாட்டில் செருகி, வயர் வழியே கார்டை வெளியே பொருத்த உதவும் துணைப் போர்டு) போடுவது இதைவிட நல்ல வழி. கார்டுக்கு மின்சாரம் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை பெட்டியிலிருந்து நேராகப் போகும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு 4.5 ஆம்பியர்தான், அதாவது 54 வாட். 75 வாட் கார்டின் ரைசரை அதில் மாட்டினால் கனெக்டர் உருகும். சிக்ஸ் பின் உள்ள ரைசராக வாங்கி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சிக்ஸ் பின் வயரையே மாட்டுங்கள். ஆபீஸ் சிபியுக்களில் அந்த வயரே பெரும்பாலும் இருக்காது. 180, 240 வாட் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். அப்படியானால் பெரிய கார்டு ஆசையை அந்தப் பெட்டியில் விட்டுவிட வேண்டியதுதான்.

நிறைய பேருக்கு இந்தச் சிரமமே தேவையில்லை. இரண்டாவது மானிட்டர் மட்டும் போதும் என்றால், சிபியுவின் பின்பக்கம் காலியாகக் கிடக்கும் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினால் முடிந்தது. நீள ஸ்லாட்டில் நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருந்தால் அதைக் குட்டை ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். கார்டு வாங்கியே ஆக வேண்டும், குட்டை ஸ்லாட்தான் இருக்கிறது என்றால், எக்ஸ் 1 அளவிலேயே செய்த ஜிடி 710 கார்டுகள் உண்டு, 19 வாட்தான். நீள ஸ்லாட் இருந்து எஸ்எம்பிஎஸ் மட்டும் சிறியது என்றால் 30 வாட் ஜிடி 1030 பாருங்கள்.

ஏற்கெனவே அறுத்துவிட்டீர்களா? மதர்போர்டில் செருகிப் பவர் போடாதீர்கள். அறுத்த ஓரத்தை ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷ்ஷால் சுத்தம் செய்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவிலும், 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவிலும் சோதியுங்கள். பீப் அடித்தால் அந்தக் கார்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள், மதர்போர்டாவது மிஞ்சும்.